அடுக்கூரின் ஊர் விருந்தாளிகள்

1. யார் இருந்தோம், யார் இல்லை

ஜீப்பில் நாங்கள் நான்கு பேர். ஸ்டீயரிங்கில் பழனிச்சாமி அண்ணன். கொழிஞ்சாம்பாறைக்காரர், மலை ரோட்டில் ஹாரன் அடிப்பதை அவமானம் என்று நினைப்பவர். பின்னால் ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்த ரமோன் சாரும் அவர் மனைவி பிலார் அம்மாளும். முன்னால், மடியில் டிபன் கேரியரும் ஒரு பை ஆரஞ்சுப் பழமுமாக, நான்.

இல்லாதவர் துரைராஜ் அண்ணன். எங்கள் ஆபீசுக்கு இருந்த ஒரே கைடு அவர்தான். பட்டாளத்தில் இருந்து வந்தவர். அடுக்கூருக்கு ஆள் கூட்டிப் போவதென்றால் அவர்தான் போவார். அன்று காலை அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பலாச்சுளை மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை.

மூணாறு கடைவீதியில் மாத்தச்சன் முதலாளியின் வாடகை வண்டி ஆபீசில் எனக்கு பில் எழுதுகிற வேலை. அதுவும் தற்காலிகம். எஸ்டேட் துரைமார் வீட்டு விருந்தாளிகள், ஊர் பார்க்க வருகிறவர்கள், வேலை விஷயமாகச் சித்திரபுரம் வரும் என்ஜினீயர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. என் அப்பாவும் அம்மாவும் சித்திரபுரத்துக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், ஐந்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். கோவில் ஃபாதர் புண்ணியத்தில் பாலக்காட்டில் இன்டர்மீடியட் வரை படித்துவிட்டு வந்திருந்தேன். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மழைல நனையாத வேலையாப் பாத்துக்கோ, ஐயா."

அந்த வேலை அன்றைக்குத்தான் தராசில் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"எடோ ஞானமுத்து, நீ இங்கிலீஷ் படிச்சவன்தானே? துரைராஜுக்குப் பதிலா நீ போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நாளைக்கு வெளுப்பிக்கே, விடியக்காலையிலே, அவங்க கொச்சிக்கு இறங்கணும். கப்பல் காத்து நிக்காது. சாயங்காலம் கேட்டு அடைக்கறதுக்கு முன்னே நீ இப்புறம் வந்திருக்கணும்."

"வந்திருவேன் சார்."

"வந்தா, அடுத்த மாசம் தொட்டு நீ இங்கே ஸ்திரம். வரலேன்னா, அங்ஙனேயே இருந்துக்கோ. இங்ஙோட்டு வரண்டா."

கேட் என்று அவர் சொன்னது மறையூர்ப் பக்கம் காட்டிலாகா போட்டிருந்த சங்கிலி. சந்தனமரம் கடத்துகிறார்கள் என்று இருட்டியதும் சங்கிலியைப் பூட்டிவிடுவார்கள். விடிந்தால்தான் சாவி வரும். அங்கே இருந்த வாச்சர், பிரசவக் கேசுக்கு மட்டும்தான் திறப்பார், அதுவும் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என்று கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு.

கிளம்பும்போது துரைராஜ் அண்ணன் தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஓடி வந்தார். எதையோ சொல்ல வேண்டும் என்று தவித்தார். வாயைக் காட்டினார். இரண்டு கையையும் குவித்து உருண்டை பிடித்துக் காட்டினார். மறுபடி வாயைக் காட்டினார். மறுபடி உருண்டை.

"சரிண்ணே, வாங்கிருதேன்" என்றேன். வழியில் இறங்கி நல்ல உருண்டையாகப் பார்த்து ஆரஞ்சு வாங்கினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டதை நான் பல்வலி என்று நினைத்துவிட்டேன்.

2. கொம்பு

அடுக்கூர், ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டிய ஊர். பெயருக்கு ஏற்றபடி வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த மாதிரி மலைச்சரிவில் அடுக்கி இருக்கும். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. அவற்றுக்குக் கீழே நெல் வயல் படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும். முன்னோர்கள் பாண்டிய நாட்டிலிருந்து, ஏதோ ஒரு படையெடுப்புக்குப் பயந்து, மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஊருக்கு வெளியே பெரிய பெரிய கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பழங்காலத்துக் கல்லறைகளும் உண்டு. அவை அந்த முன்னோர்களுக்கும் முந்தியவை.

இதையெல்லாம் நான் இங்கிலீஷில் நெட்டுருப் பண்ணி வைத்திருந்தேன். ஜீப் வளைவில் திரும்பி ஊர் கண்ணில் பட்டதும், "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பித்தேன். இருந்தது ஒரு லேடியும் ஒரு ஜென்டில்மேனும்தான். அந்த லேடி என் பேச்சைக் கேட்கவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு, "இகுவால், இகுவால்" என்று சொன்னார்.

ரமோன் சாருக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும். அம்மாளுக்கு வராது. அவர் விளக்கினார்: இகுவால் என்றால் அதே மாதிரி. அம்மாளின் சொந்த ஊரும் இப்படித்தானாம். மலைமேல் அடுக்கிய வீடுகள், உச்சியில் மாதா கோவில், கீழே படிப்படியாகத் தோட்டம். இருபது வருஷமாக அந்த ஊருக்கு அவர் போகவில்லை. கேரளத்தில் பாதிரியாராக இருக்கும் தன் தம்பியைப் பார்க்கக் கப்பலேறி வந்தவர், கடைசியில் தன் ஊரின் சாடையை இங்கே கண்டுவிட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, அந்தம்மா என்னங்க சொல்றாங்க?" என்றார் பழனிச்சாமி அண்ணன். படித்தவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் வாத்தியார்.

"இது அவுக ஊரு மாதிரியே இருக்காம்ணே."

"அப்ப அங்கயும் ரோடு இப்படித்தான் இருக்குமுங்களா? பாவமுங்க."

ஊர் எல்லையில் ஜீப்பை நிறுத்தி, செருப்பைக் கழற்றினோம். அது மட்டும் எனக்குத் தெரியும். பெரியதனக்காரர், அதாவது ஊர்த் தலைவர், வந்தார். தலைப்பாகை, மேல்துண்டு, கையில் ஒரு பிரம்பு. கைகூப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"யார் வீட்டுக்கு வந்திருக்கீக?"

சாதாரணக் கேள்வி. நான் யோசித்தேன். ஒரு வீட்டைச் சொன்னால் மற்ற வீட்டார் மனம் வருந்தும். அதுவுமல்லாமல் எனக்கு ஒரு வீடும் தெரியாது. படித்தவனுக்கு உரிய பதவிசோடு சொன்னேன்:

"தனியா ஒரு வீட்டுக்கும் இல்லய்யா. ஊர் விருந்தாளியா வந்திருக்கோம்."

பெரியதனக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பின்சீட்டுக்காரர்களை ஒருமுறை பார்த்தார். "நெசமாவா?" என்றார்.

"ஆமாய்யா."

அவர் திரும்பிக் கையைத் தூக்கினார். சாவடியிலிருந்து ஒருவர் வளைந்த கொம்பு ஒன்றை எடுத்து வந்து, மலைக்கு மலை எதிரொலிக்கிற மாதிரி இரண்டு முறை ஊதினார். வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். ரமோன் சார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். துரைராஜ் அண்ணன் எத்தனையோ பேரைக் கூட்டி வந்திருக்கிறார், ஒருவருக்கும் கொம்பு ஊதியதாக அவர் சொன்னதில்லை. முதல் நாளே நான் அவரை மிஞ்சிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

3. இரண்டு இலை

கல்லறைகளைக் காட்டினேன். மேட்டில் நின்று வயலைக் காட்டினேன். ரமோன் சார் படம் எடுத்தார். டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டுவிட்டு இறங்கினால் வெயில் இருக்கும்போதே கேட்டைத் தாண்டிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அப்போது பெரியதனக்காரர் சாவடிக்கு அழைத்தார். இலை போட்டிருந்தது.

கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, கீரை, வெல்லம் போட்ட தினைப் பாயசம். பரிமாறியவர்கள் மேலத்தெருப் பெண்கள். சாவடியில் எங்கள் நான்கு பேரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தார்கள். நீ யார், உன் அப்பா யார், என்ன சாதி என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஊர் விருந்தாளியிடம் அதைக் கேட்கக் கூடாது என்பது முறையாம். எனக்கு அது புதிது. மலையில் வேறு எந்த ஊரிலும் அதைக் கேட்காமல் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

வயிறு நிறைந்து எழுந்திருக்கப் போனோம். இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்கள். இப்போது கீழத்தெரு. மறுபடி களி, மறுபடி மொச்சை. கீழத்தெருப் பேச்சியம்மாள் என்று ஒருவர் கரண்டியோடு ரமோன் சார் முன்னால் நின்றார்.

"மேலத்தெருச் சோறு மட்டும்தான் எறங்குமோ துரைக்கு? எங்க சோத்துல முள்ளா கிடக்கு?"

நான் மொழிபெயர்த்தேன். ரமோன் சார் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திவிட்டு உட்கார்ந்தார். பிலார் அம்மாள் இரண்டு இலையையும் வழித்துச் சாப்பிட்டார். "களியை இப்படி முழுங்குற வெள்ளைக்காரிய இப்பத்தான் பாக்கேன்" என்று பேச்சியம்மாள் மெச்சினார்.

"சரிய்யா, நாங்க உத்தரவு வாங்கிக்கிடுதோம்" என்று நான் கைகூப்பினேன்.

பெரியதனக்காரர் சிரித்தார். "எங்க போறீக? இன்னும் சொல்லு சொல்லலயே."

"என்ன சொல்லுய்யா?"

"ரெண்டு தெருச் சோத்தையும் தின்னவுக, ஊர் வழக்குக்கு ஒரு சொல்லு சொல்லிட்டுத்தான் எறங்கணும். அதுக்குத்தானே ஊர் விருந்தாளி. எங்களுக்குள்ள எல்லாரும் மாமன் மச்சான். யாரு சொன்னாலும் அவன் ஒரு பக்கம்பாக. ஒரு வீட்டு விருந்தாளி வந்தாலும் அவுக அந்த வீட்டுப் பக்கம். ஊர் விருந்தாளின்னு ஒருத்தரு வர மாட்டாகளான்னு நாங்க எவ்வளவு நாளாக் காத்துக் கெடக்கோம் தெரியுமா? அதுவும் நீங்களே வாயால சொல்லி வந்தீக."

நான் பழனிச்சாமி அண்ணனைப் பார்த்தேன்.

"வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்டீங்க வாத்தியாரே, வந்துருச்சுங்" என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே.

4. வழக்கு

வழக்கு தண்ணீர் வழக்கு. மலை ஓடையிலிருந்து வாய்க்கால் மேலத்தெரு வயலுக்கு வந்து, அங்கிருந்து கீழத்தெரு வயலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபாதை. அந்தப் பாதைக்கு அடியில் கல்மூடிய பொந்து ஒன்று வழியாகத் தண்ணீர் கடக்க வேண்டும். அதற்குப் பொதுமடை என்று பெயர். கீழத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மேலத்தெருவுக்கு வந்த தண்ணீர் போகவில்லை. ஒரு பக்கம் நாற்று காய்கிறது, மறு பக்கம் அழுகுகிறது.

மேலத்தெருவுக்காக மாடசாமி என்பவர் எழுந்தார். "கீழத்தெருக்காரன் வேணும்னே வாய்க்கால அடைச்சு எங்க நாத்த அழுக வைக்கான்."

பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "ஏன்யா, எங்க வயலக் காயப்போட்டுத்தான் உங்க நாத்த அழுக வைக்கணுமா? எங்களுக்கு என்ன கிறுக்கா? போதாக்கொறைக்கு இவுக வீட்டுச் செம்பு காணாமப் போனதுக்கும் எங்க தெருவச் சொன்னாக."

"செம்பு வேற வழக்கு" என்றார் பெரியதனக்காரர்.

நான் மூன்று வாக்கியத்தில் இங்கிலீஷில் சொன்னேன். ரமோன் சார் அதை ஸ்பானிஷில் கைவீசி, குரலை ஏற்றி இறக்கி, நெடுநேரம் சொன்னார். இல்லாத சங்கதியெல்லாம் சேர்த்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். வெயில் சாவடித் தூணைவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஏதாவது ஒரு பொதுவான சொல்லைச் சொல்லி, ஒற்றுமையாக இருங்கள் என்றோ என்னவோ, எழுந்து வந்தால் போதும் என்று நான் ரமோன் சாரிடம் கெஞ்சினேன். கேட், சங்கிலி, கப்பல் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் அதையும் மொழிபெயர்த்தார். பிலார் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஊரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது ரமோன் சார் வழியாக என்னிடம் வந்து, நான் தமிழில் சொன்னேன்:

"அந்த மடைக்குள்ள கடைசியா கைய விட்டது யாருன்னு அம்மா கேக்காக."

மாடசாமி தூணைப் பார்த்தார். பேச்சியம்மாள் கரண்டியைப் பார்த்தார்.

பெரியதனக்காரர்தான் பேசினார். "முன்ன ஒருத்தர் இருந்தாரு. மேலத்தெருவுல பொறந்து கீழத்தெருவுல பொண்ணு கட்டினவரு. புள்ளைகுட்டி இல்ல. ரெண்டு தெருவுக்கும் அவரு பொது. அவரு தூர் வாருவாரு. அவரு போனப்புறம் ஒருத்தரும் தொடல."

"ஏன்?" இது நான் என் சொந்தத்தில் கேட்டது.

"எங்க ஊர்ல தொட்டவன் வேலை" என்றார் மாடசாமி. "பொதுமடைய நான் இன்னைக்குத் தொட்டேன்னா, காலாகாலத்துக்கும் அது மேலத்தெரு வேலை ஆயிரும்."

"நாங்க தொட்டா எங்க தலைல கட்டிருவாக" என்றார் பேச்சியம்மாள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு தெருவும் ஒரே குரலில் பேசியது.

ஊர் முழுக்க மண்வெட்டி வைத்திருக்கிறது. நாற்று அழுகுகிறது, காய்கிறது. பாதைக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு யாரும் கையை விட மாட்டார்கள். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நான் முடிக்கும் முன்பே பிலார் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

"இகுவால்" என்றார்.

5. பொதுமடை

அம்மாள் முன்னால் நடந்தார். ஊர் பின்னால் நடந்தது. நடந்துகொண்டே அவர் சொன்னதை ரமோன் சார் மூச்சு வாங்கிக்கொண்டு எனக்குச் சொன்னார். அவர்கள் ஊரிலும் மேல்வாசல், கீழ்வாசல் என்று இரண்டு பகுதி. நடுவே இதே மாதிரி ஒரு பொந்து. அம்மாளின் அப்பா மேல்வாசல்காரர், அம்மா கீழ்வாசல்காரர். அதனால் அந்த வேலை இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆண்கள் கை நுழையாது என்று இவரைத்தான் உள்ளே விடுவார்கள். ஏழு வயதில் ஆரம்பித்துக் கல்யாணமாகும் வரை செய்திருக்கிறார்.

மடைக்குப் பக்கத்தில் வந்ததும் வளையலைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகினார். கீழத்தெருப் பக்கத்து வாய்க்காலில் இறங்கி, சேற்றில் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டார்.

முதலில் வேர் வந்தது, சடைசடையாக. பிறகு சேறு. பிறகு பாதி முறம். பிறகு வேர் சுற்றிக்கொண்ட ஒரு உருண்டையை இழுத்துப்போட்டார். பேச்சியம்மாள் குனிந்து அதைப் பிய்த்துப் பார்த்தார். உள்ளே பச்சை பிடித்த பித்தளைச் செம்பு.

"மாடசாமி மச்சான்" என்றார் பேச்சியம்மாள், மிகவும் அமைதியாக. "உங்க வீட்டுச் செம்ப நாங்க எங்க ஒளிச்சு வச்சிருந்தோம் பாத்தீகளா?"

மாடசாமியின் மனைவி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமி செம்பை வாங்கித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் தண்ணீர் வரவில்லை. உள்ளே ஒரு மரத்துண்டு குறுக்கே சிக்கியிருந்தது. அம்மாள் ஒருவரால் இழுக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியதனக்காரர் பிரம்பால் எங்களைச் சுட்டினார்.

"என்ன நிக்கீக? நீங்களும் ஊர் விருந்தாளிதானே?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் நினைவு: மழையில் நனையாத வேலை வேண்டும் என்று அப்பா சொன்னது. பழனிச்சாமி அண்ணன், "என்ற காக்கிச் சட்டை நேத்துத்தான் வெளுத்ததுங்க" என்று புலம்பிக்கொண்டே பின்னால் வந்தார். ரமோன் சார் காமிராவைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு அவரும் இறங்கினார். நாலு பேரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு அசைவு. இன்னொரு அசைவு. மரம் பிடுங்கிக்கொண்டு வந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் எங்கள் மேல் பாய்ந்தது. பழனிச்சாமி அண்ணன் மல்லாந்து விழுந்தார்.

தண்ணீர் கீழத்தெரு வயலில் முதல் படியில் விழுந்து, இரண்டாம் படிக்குப் போய், கீழே கீழே இறங்கியது. பிள்ளைகள் அதோடு கூடவே ஓடினார்கள், "இகுவால், இகுவால்" என்று கத்திக்கொண்டு. அந்த வார்த்தைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம் என அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வழக்கு தீந்தது. தொட்டவுக வேலை. பொதுமடை இனி இந்த அம்மாவோடது. வருஷா வருஷம் நாத்து விடுறதுக்கு முன்ன வந்து தூர் வாரணும். மேலத்தெரு, என்ன சொல்றீக?"

"சம்மதம்."

"கீழத்தெரு?"

"சம்மதம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. பயந்துகொண்டே மொழிபெயர்த்தேன். பிலார் அம்மாள் சேற்றுக் கையைத் துடைத்துவிட்டு யோசித்தார்.

"வர முடியாவிட்டால்?" என்று கேட்கச் சொன்னார்.

"வராத வருஷத்துக்குத் தெண்டம் உண்டு. ஊர்ல எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று தொகையையும் அதோடு வைக்க வேண்டிய தேங்காயையும் சொன்னார் பெரியதனக்காரர்.

ரமோன் சார் உடனே பர்சை எடுத்து, வரப்போகிற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போதே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பெரியதனக்காரர் முகம் வாடிவிட்டது.

"முன்கூட்டித் தெண்டம் வாங்கினா, வர வேண்டாம்னு நாங்களே சொன்ன மாதிரி ஆயிரும். ஒவ்வொரு வருஷமும் வருவாகளான்னு பாத்துட்டுத்தான் வாங்குவோம்."

பிலார் அம்மாள் கையை நீட்டினார். பெரியதனக்காரர் பிரம்பை இடுக்கிக்கொண்டு அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

6. கேட்

ஜீப்புக்கு வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பின்னால் கொம்பு மறுபடி இரண்டு முறை ஊதியது. இந்த முறை எனக்குப் பெருமையாக இல்லை.

பழனிச்சாமி அண்ணன் தன் கொள்கையை விட்டு வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். லயத்து வாசலில் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். ரோட்டுக்கு இறங்கியபோது நன்றாக மங்கிவிட்டது. கேட்டுக்கு முந்தின வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாத்தியாரே, கண்ணைத் தொறங்க" என்றார் அண்ணன்.

சங்கிலி தரையில் கிடந்தது. வாச்சர் லாந்தரைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டு நடுவே நின்றார். கோபமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை. ஜீப்பின் பக்கம் வந்து எங்கள் நான்கு பேரையும், தலை முதல் கால் வரை காய்ந்துகொண்டிருந்த சேற்றையும், லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தார்.

"கொம்பு கேட்டுச்சு" என்றார். "ரெண்டு ஊத்து. ஊர் விருந்தாளி எறங்குறாகன்னு அர்த்தம். அவுக தாண்டுறதுக்கு முன்ன இந்தச் சங்கிலியப் போட்டா எங்க மாமியார் எனக்குச் சோறு போட மாட்டா. நான் கீழத்தெரு மருமகன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி வந்துச்சா?" என்றார்.

பிலார் அம்மாளுக்குக் கேள்வி எப்படிப் புரிந்ததோ தெரியாது. பின்சீட்டிலிருந்து அவரே பதில் சொன்னார்: "இகுவால்."

7. பிறகு

ஆபீஸ் வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, "இது எந்தா? டூர் போனீங்களா, கண்டம் உழப் போனீங்களா?" என்றார். ரமோன் சார் அவர் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கி, இந்தியாவில் தான் பார்த்ததிலேயே இதுதான் நல்ல நாள் என்றார். மறுநாள் விடியலில் அவர்கள் கொச்சிக்கு இறங்கினார்கள். அடுத்த மாதம் என் பெயர் ஸ்திரம் ஆயிற்று. அப்பாவிடம் சொன்னபோது, "மழைல நனையாதுல்லா?" என்று கேட்டார். மழையில் நனையாது என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

துரைராஜ் அண்ணன் பல்லைப் பிடுங்கிய பிறகு முதல் காரியமாக என்னைத்தான் திட்டினார்.

"வெல்லக்காரர் வீட்டுக்குன்னு சொல்லணும்லே. நான் எப்பவும் அதத்தான் சொல்லுவேன். கீழத்தெருவுல வெல்லம் காச்சுற வீடு. கையால உருண்ட பிடிச்சுக் காட்டினேனே."

"ஆரஞ்சுன்னு நெனச்சேன்ணே."

"அப்ப வாயத் தொட்டுக் காட்டினது எதுக்குலே?"

"தின்னன்னு நெனச்சேன்."

எங்கள் ஆபீசுக்குப் புதிதாகக் கைடு வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். சரித்திரத்தை அப்புறம் நெட்டுருப் பண்ணலாம். ஒரு ஊருக்கு ஆள் கூட்டிப் போகிறவன், ஊர் எல்லையில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொன்னால் என்ன ஆகும் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்காமல் சொன்ன சொல் நல்லதாகவே முடிந்தாலும், அந்தச் சொல்லுக்கு உண்டானதைக் கடைசிவரை செய்து தீர வேண்டும்.

ஏனென்றால் அடுக்கூர்க்காரர்கள் மறக்கிறவர்கள் இல்லை. வருஷா வருஷம் நாற்று விடும் முன், வெல்லக்காரர் வண்டியில் பெரியதனக்காரரின் ஆள் எங்கள் ஆபீசுக்கு வந்து, "மடைக்கார அம்மா இந்த வருஷம் வருவாகளா?" என்று கேட்பார். ஒரு வருஷம் பிலார் அம்மாளிடமிருந்து ஒரு படம் போட்ட கார்டு வந்தது. அதில் அவர் ஊர். நான் அதைக் கொண்டுபோய்ச் சாவடியில் ஒட்டினேன். ஊரே வந்து பார்த்தது. "எல்லாம் சரி, பொதுமடை எங்க இருக்கு?" என்று பேச்சியம்மாள் தேடினார்.

அம்மாளுக்குப் பதிலாக நானும் பழனிச்சாமி அண்ணனும்தான் இறங்கித் தூர் வாருகிறோம். அண்ணன் அதற்கென்றே ஒரு பழைய சட்டை வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் வருகிற விருந்தாளிகள் அந்த நாளைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். ஆனால் பதிலுக்கு ஆள் வந்து வேலை செய்தாலும், உரியவர் வராததற்கு உள்ள தெண்டம் உண்டு என்பது முறை. முதல் தடவை அந்தச் செலவைக் காட்டியபோது முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எடோ, இதை எந்தக் கணக்கில் எழுதறது?"

"ரோடு செலவுன்னு எழுதிக்கிடலாம் சார்."

அப்படியே எழுதினார். அணா போய் நயா பைசா வந்த பிறகும் தொகை மாறவில்லை. ரமோன் சாரும் பிலார் அம்மாளும் ஸ்பெயினில் இருந்தபடி, மூணாறில் எங்கள் ஆபீஸ் பணத்தில், அடுக்கூருக்குக் கட்டிவருவது வருஷத்துக்கு ஒன்றேகால் ரூபாய். தேங்காய் தனி.